காரணம் கிடைத்த பிறகும் ஏன் இத்தனை காலம்? ராபர்ட் வைன்பெர்க்கின் புற்றுநோய் ஆய்வுகள்

மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்த ஒரு டி.என்.ஏ. துண்டு. நீளம் ஏறத்தாழ 6,600 எழுத்துகள் (டி.என்.ஏ.வைக் கோத்திருக்கும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறோம்). நல்ல செல்லிலும் இதே ஜீன் இருக்கிறது. அதே நீளம், அதே அமைப்பு. ஆனால் புற்றிலிருந்து எடுத்ததைச் சுண்டெலிச் செல்லுக்குள் செலுத்தினால் அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. நல்ல செல்லிலிருந்து எடுத்ததைச் செலுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது?

1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்த விதம் அலாதியானது. இரண்டு ஜீன்களையும் ஒரே இடங்களில் வெட்டி, இதன் துண்டை அதிலும் அதன் துண்டை இதிலும் மாற்றி ஒட்டினார்கள். ஒட்டியதைச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எந்தத் துண்டு போன இடத்துக்கெல்லாம் புற்றும் கூடவே போகிறதோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார்கள். இப்படிச் சுருக்கிச் சுருக்கி 350 எழுத்துகளுக்குக் கொண்டுவந்து, அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தபோது ஒரே ஓர் இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி இருந்தது. அதனால் புரதத்தின் 12ஆவது அமினோ அமிலம் கிளைசினுக்குப் பதில் வேலைன் ஆகிவிட்டிருந்தது. வேறு வித்தியாசம் கிடையாது. இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் கிளிஃப் டேபின் என்ற ஆராய்ச்சி மாணவர்.

மனிதப் புற்றுநோய்க்கு மூலக்கூறு அளவில் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது அதுவே முதல் முறை. செய்தித்தாள்கள் கொண்டாடின. காரணம் தெரிந்துவிட்டது, இனி மருந்து வரவேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஜீன் குடும்பத்தைக் குறிவைத்த முதல் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த ஆண்டு 2021.

முப்பத்தொன்பது ஆண்டுகள். நடுவில் என்னதான் நடந்தது என்று கேட்பவர்களுக்கு வைன்பெர்க்கின் வாழ்க்கைப் பாதையே நல்ல பதில். ஏனென்றால் 1982இல் அந்த எளிமையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் அதே எளிமையைத் தன் கையாலேயே கலைத்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

வைன்பெர்க் 1942இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். பெற்றோர் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். எம்.ஐ.டி.யில் 1964இல் இளநிலைப் பட்டம். நடுவில் ஓராண்டு, இனப்பாகுபாட்டுக்கு எதிரான போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த அலபாமாவில், கறுப்பின மாணவர்களுக்கான ஸ்டில்மன் கல்லூரியில் உயிரியல் கற்பித்தார். 1969இல் எம்.ஐ.டி.யிலேயே முனைவர் பட்டம். பிறகு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனம் என்று வைரஸ் ஆய்வகங்களில் பழகிவிட்டு 1972இல் எம்.ஐ.டி.க்குத் திரும்பினார். அப்போது அமெரிக்காவில் புற்றுநோய்க்கு எதிரான போர் என்று அதிபர் நிக்சன் 1971இல் சட்டமே கொண்டுவந்திருந்தார். பணம் தண்ணீராக ஓடியது. எம்.ஐ.டி.யில் ஒரு பழைய சாக்லேட் தொழிற்சாலைக் கட்டடத்தைப் புற்றுநோய் ஆய்வு மையமாக மாற்றினார் சால்வடார் லூரியா. டேவிட் பால்டிமோர், ஃபிலிப் ஷார்ப், நான்சி ஹாப்கின்ஸ் போன்றவர்களோடு வைன்பெர்க்கும் அங்கே குடியேறினார். பால்டிமோர், ஷார்ப் இருவரும் பின்னால் நோபல் வாங்கியவர்கள். அந்தக் கூட்டத்தில் இளைஞரான வைன்பெர்க் அப்போது பெரிய நட்சத்திரம் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் எல்லோர் கண்ணும் வைரஸ் மேல் இருந்தது. கோழிக்குப் புற்று வரவழைக்கும் வைரஸை பெய்டன் ரூஸ் 1911லேயே கண்டுபிடித்திருந்தார். சுண்டெலிக்கும் எலிக்கும் பூனைக்கும் அதேபோலப் பல வைரஸ்கள் கிடைத்தன. மனிதப் புற்றுக்கும் ஒரு வைரஸ்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்க அரசு தனித் திட்டமே போட்டுத் தேடியது. பெரும்பாலான மனிதப் புற்றுகளில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 1976இல் மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும் கோழிப் புற்று வைரஸில் இருக்கும் ஜீன் உண்மையில் கோழியின் சொந்த ஜீன்தான், வைரஸ் அதை வழியில் வாரிக்கொண்டு போயிருக்கிறது என்று காட்டினார்கள். இது பெரிய திருப்பம். ஆனால் வைரஸே தீண்டாத ஒரு கட்டியில், புகையாலோ ரசாயனத்தாலோ வந்த புற்றில், என்ன நடக்கிறது? பிஷப்பும் வார்மஸும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

வைன்பெர்க் கேட்ட கேள்வி நேரடியானது. ரசாயனத்தால் புற்றாகிப்போன ஒரு செல்லின் டி.என்.ஏ.வை அப்படியே எடுத்து நல்ல செல்லுக்குள் போட்டால், புற்றும் கூடவே போகுமா? போனால், கோளாறு டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது. வைரஸ் தேவையில்லை.

செய்முறை கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். டி.என்.ஏ.வைக் கால்சியம் கரைசலில் கலந்து, அதில் பாஸ்பேட்டைச் சேர்த்தால் மெல்லிய வெண்படிவு திரளும். டி.என்.ஏ. அந்தப் படிவில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டில் பரவியிருக்கும் செல்களின் மேல் ஊற்றினால் படிவு இறங்கி அமரும். சில செல்கள் அதை விழுங்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பு. நல்ல செல்கள் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவி, பக்கத்துச் செல் இடித்ததும் நின்றுவிடும். புற்றுச் செல் நிற்காது. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். ஆயிரக்கணக்கான செல்கள் பரவிக்கிடக்கும் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சிறு குவியல் எழுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர் ஷிஹ் ச்சியாஹோ என்ற தைவான் மாணவர். ரசாயனத்தால் புற்றான சுண்டெலிச் செல்களின் டி.என்.ஏ. சிலவற்றில் குவியல்கள் எழுந்தன. நல்ல செல்லின் டி.என்.ஏ.வில் எழவில்லை. 1979இல் கட்டுரை வந்தது.

மனிதக் கட்டியின் டி.என்.ஏ.வும் இதையே செய்கிறது என்று 1981இல் வைன்பெர்க் அணியும், பாஸ்டனிலேயே இருந்த ஜெஃப்ரி கூப்பரின் அணியும் காட்டின. அடுத்த வேலை அந்த ஜீனைப் பிரித்தெடுப்பது. அதற்கு ஷிஹ் பிடித்த வழி அழகானது. மனித டி.என்.ஏ.வில் ஆலு என்ற ஒரு தொடர் பல லட்சம் இடங்களில் திரும்பத் திரும்ப வரும். சுண்டெலியில் அது கிடையாது. மனிதப் புற்று டி.என்.ஏ.வைச் சுண்டெலிச் செல்லில் போட்டு, குவிந்த செல்லிலிருந்து மறுபடி டி.என்.ஏ. எடுத்து இன்னொரு சுண்டெலிச் செல்லில் போட்டால், புற்றுக்குக் காரணமான துண்டைத் தவிர மற்ற மனிதத் துண்டுகள் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். கடைசியில் ஆலு எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில்தான் குற்றவாளி.

இதே ஜீனை அதே 1982இல் மரியானோ பார்பசிட்டின் அணியும் மைக்கேல் விக்லரின் அணியும் தனித்தனியே பிரித்தெடுத்தன. அந்த ஒற்றை எழுத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் ஒரே நேரத்தில் கண்டன. பார்பசிட்டின் அணிக்காக அதை எழுதியவர் இந்தியாவில் படித்து அமெரிக்கா போன பிரேம்குமார் ரெட்டி. அந்த ஜீன், எலிகளுக்குப் புற்று வரவழைக்கும் ஹார்வி வைரஸில் ஏற்கெனவே தெரிந்திருந்த ராஸ் என்ற ஜீனின் மனித வடிவம் என்பதும் அந்த ஆண்டே தெரியவந்தது. ஒரு வேடிக்கை: வைன்பெர்க் பயன்படுத்திய செல்வரிசையும் (கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) மற்ற இருவர் பயன்படுத்திய செல்வரிசையும் வேறுவேறு நோயாளிகளுடையவை என்றுதான் நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நோயாளியின் செல்கள், ஆய்வகங்களுக்கிடையே கைமாறியதில் பெயர் மாறியிருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. மூன்று அணிகளும் ஒரே எழுத்தைக் கண்டதில் அதற்கும் பங்கு உண்டு. நல்லவேளையாக மற்ற நோயாளிகளின் கட்டிகளிலும் அதே 12ஆவது இடம் அடிபட்டிருப்பது விரைவிலேயே உறுதியாயிற்று.

ராஸ் புரதம் ஒரு ஸ்விட்ச் போல வேலை செய்கிறது. வளரச் சொல்லி வெளியிலிருந்து செய்தி வந்தால் ஜி.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு எரியும். பிறகு தானே அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டு அணைந்துகொள்ளும். 12ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின்தான் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அந்த இடத்தில் கொஞ்சம் பருமனான அநேகமாக எது வந்து உட்கார்ந்தாலும் வெட்டும் வேலை தடைபடுகிறது. ஸ்விட்ச் அணைய மறுக்கிறது. கணையப் புற்றுகளில் சுமார் 90 சதவீதத்தில் கே-ராஸ் என்ற சகோதர ஜீன் பழுதாகியிருக்கிறது. பெருங்குடல் புற்றிலும் நுரையீரல் புற்றின் ஒரு வகையிலும் கணிசமாக இருக்கிறது.

அப்படியானால் மருந்து செய்ய ஏன் இவ்வளவு காலம்? மருந்து வேதியியலாளர்கள் தேடுவது புரதத்தின் மேல் ஒரு குழி. மருந்து போய் உட்கார ஓர் இடம். ராஸ் மேல் அப்படியொரு குழி தெரியவில்லை. அதில் இயல்பாகவே இருக்கும் ஒரே குழியில் ஜி.டி.பி. உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இறுகப் பிடித்துக்கொண்டு. செல்லுக்குள் ஜி.டி.பி. ஏராளம், அதோடு போட்டி போட்டு எந்த மருந்தாலும் இடம் பிடிக்க முடியவில்லை. வேலை செய்ய ராஸ் புரதம் செல்லின் சவ்வில் போய் ஒட்டியாக வேண்டும்; அதைத் தடுக்கலாம் என்று 1990களில் பல நிறுவனங்கள் பெரும் பணம் செலவழித்து மருந்துகள் செய்தன. கே-ராஸ் வேறு வழியில் ஒட்டிக்கொண்டது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் கெவன் ஷோகாட், 12ஆவது இடத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வந்து உட்காரும் வகைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு மறைவான குழி திறப்பதைக் காட்டினார். சிஸ்டைனோடு நிரந்தரமாக ஒட்டும் மருந்து அதிலிருந்து பிறந்தது. சோடோராசிப் என்ற அந்த மருந்து 2021 மே மாதம் நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது. இது வைன்பெர்க் செய்த வேலை அல்ல. அவர் காரணத்தைக் காட்டினார்; கை வைக்க இடம் தேடியது வேறொரு துறை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டதில்தான் 1982இன் அவசர நம்பிக்கை பிறந்தது.

அவசரத்தில் மறைந்துபோன இன்னொன்றும் இருந்தது. அதை வைன்பெர்க்கே தோண்டியெடுத்தார். குவியல் சோதனைக்குப் பயன்பட்ட என்ஐஹெச் 3டி3 என்ற சுண்டெலிச் செல்கள் உண்மையில் முழு நல்ல செல்கள் அல்ல. வளர்ப்புத் தட்டில் ஆண்டுக்கணக்காக வளர்ந்து, சாகாமல் பெருகும் திறனை முன்பே பெற்றுவிட்டவை. பாதி வழி போயிருந்த செல்லை ராஸ் மீதி தூரம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். கருவிலிருந்து புதிதாக எடுத்த எலிச் செல்லில் ராஸை மட்டும் போட்டால் புற்று வருவதில்லை. 1983இல் ஹார்ட்முட் லாண்ட், லூயிஸ் பராடா ஆகியோரோடு வைன்பெர்க் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: ராஸ் மட்டும் போதாது, மிக் என்ற இன்னொரு ஜீனும் சேர வேண்டும்; சேர்ந்தால் புற்று. ஒரே எழுத்து என்று உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஆண்டே ஒன்று போதாது என்று எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் கட்டுரைதான் 1982இன் புகழ்பெற்ற கட்டுரையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மனிதச் செல் இன்னும் பிடிவாதம். எலிச் செல்லுக்கு இரண்டு போதும். மனிதச் செல் இரண்டுக்கும் மசியாது. 1999இல் வில்லியம் ஹானும் வைன்பெர்க்கும் சேர்ந்து, சாதாரண மனிதச் செல்லைத் தெரிந்த ஜீன்களை மட்டும் வைத்துப் புற்றுச் செல்லாக மாற்றிக் காட்டினார்கள். ராஸ் தேவைப்பட்டது, குரோமோசோம் முனைகள் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் தேவைப்பட்டது, பி53, ஆர்பி என்ற இரண்டு காவல் புரதங்களையும் வேறொரு நொதியையும் முடக்கும் வைரஸ் புரதங்கள் தேவைப்பட்டன. முதல் குவியலிலிருந்து இந்த இடத்துக்கு வர இருபது ஆண்டுகள். நம் உடலில் எண்ணிக்கையில் அடங்காத செல்கள் தினமும் பிரிந்தும் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் புற்றில்லாமல் வாழ்வது எப்படி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு காவல் போனால் செல் புற்றாவதில்லை. பல காவல்கள் ஒரே செல்லில் அடுத்தடுத்துப் போக வேண்டும். வயது ஏற ஏறப் புற்று கூடுவதும் பெருமளவு அதனால்தான்.

ஆர்பியின் கதை தனி. பிஞ்சுக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்று. ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகப் பளிச்சிடும், பெற்றோர் பலர் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் வெறும் மருத்துவப் பதிவேடுகளையும் கணக்கையும் வைத்து ஓர் ஊகம் சொன்னார்: இந்தப் புற்று வர ஒரே ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும், பரம்பரையாக வரும் குழந்தைக்கு ஒன்று பிறவியிலேயே போய்விட்டது, அதனால்தான் சீக்கிரம், இரண்டு கண்ணிலும் வருகிறது. அது உண்மையானால் இங்கே புற்றுக்குக் காரணம் ஒரு ஜீன் முடுக்கப்பட்டது அல்ல, ஒரு ஜீன் இல்லாமல்போனது. வைன்பெர்க்கின் குவியல் சோதனை இங்கே பயன்படாது. இருப்பதை எடுத்து இன்னொரு செல்லில் போடலாம். இல்லாததை எப்படி எடுத்துப் போடுவது?

பாஸ்டன் கண் மருத்துவமனையில் இருந்த தாடியஸ் டிரைஜா, 13ஆவது குரோமோசோமில் அந்தப் பகுதியைச் சேர்ந்த டி.என்.ஏ. துண்டுகளைச் சேகரித்து, எந்தக் கட்டியில் எது காணாமல் போயிருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மருத்துவராக இருந்து வைன்பெர்க் ஆய்வகத்துக்கு வந்த ஸ்டீஃபன் ஃபிரெண்ட், டிரைஜாவின் துண்டிலிருந்து தொடங்கினார். சாதாரண விழித்திரைச் செல்லில் வேலை செய்து, கட்டிகளில் இல்லாமல்போன ஜீனைப் பிடித்தார். அதுதான் ஆர்பி. 1986 அக்டோபரில் வெளியான அந்தக் கட்டுரைதான் கட்டியை அடக்கிவைக்கும் ஜீன் ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது. பிற்பாடு ஆர்பி வெறும் கண் புற்று ஜீன் அல்ல என்பது தெரிந்தது. செல் பிரியலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் வாசலில் நிற்பது அதுதான். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று, தன் ஈ7 புரதத்தால் ஆர்பியைப் பிடித்து முடக்குவது. மார்பகப் புற்றுக்கு 2015இல் வந்த பால்போசிக்லிப் என்ற மருந்து ஆர்பியை விழிப்பாக வைத்திருப்பதன் மூலம் வேலை செய்கிறது.

வைன்பெர்க் ஆய்வகத்துக்குக் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன கதையும் ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் எலியின் நரம்புக் கட்டிகளிலிருந்து அவர்கள் நியூ என்ற ஜீனைக் கண்டார்கள். அதன் புரதத்தை 1982இல் அடையாளம் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் லட்சுமி சரண் பாதி என்ற இந்தியர். பின்னால் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். ராஸ் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நியூ புரதம் அப்படியல்ல. செல்லின் மேற்பரப்பில், எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) வந்து ஒட்டத் தோதாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மார்க் கிரீனின் ஆய்வகத்தில் ஜெஃப்ரி டிரெபின் செய்த எதிர்ப்புரதம், தட்டில் நியூவால் புற்றான செல்களை அடங்கிய நிலைக்குத் திருப்பியதாக 1985இல் கட்டுரையும் வந்தது. மருந்துக்கு வேண்டிய எல்லாம் மேசை மேல் இருந்தது. ஆனால் அதே ஜீனின் மனித வடிவத்தை ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்ஸல் உல்ரிச் பிரித்தெடுத்து ஹெர்-2 என்று பெயரிட்டார். மார்பகக் கட்டிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் அது பெருகிக் கிடப்பதையும், அப்படிப்பட்ட பெண்களுக்கு நோய் விரைவாகத் திரும்புவதையும் 1987இல் காட்டியவர் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன். 1998இல் அந்தப் புரதத்தின் மேல் ஒட்டும் எதிர்ப்புரத மருந்தான ஹெர்செப்டின் வந்தது. ஜீனைத் தேடியவர்கள் ஜீனோடு நின்றுவிட்டார்கள். கட்டியோடு நோயாளியின் பதிவேட்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த மருத்துவர் மறுபக்கம் இருந்தார்.

இத்தனைக்கும் பிறகு 1990களின் இறுதியில் நிலைமை வேறுவிதமாகச் சிக்கலாகியிருந்தது. புற்றைத் தூண்டும் ஆன்கோஜீன்கள் டஜன் கணக்கில், அதை அடக்கும் ஜீன்கள் இன்னொரு பக்கம், ஒவ்வொரு கட்டியிலும் வேறு வேறு சேர்க்கை. இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டா? டக்ளஸ் ஹனஹனோடு சேர்ந்து வைன்பெர்க் 2000 ஜனவரியில் 'செல்' என்ற அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை, எந்த ஜீன் கெட்டாலும் புற்றுச் செல் கடைசியில் பெற்றாக வேண்டிய திறன்கள் ஆறுதான் என்றது. வளரச் சொல்லும் செய்தியைத் தானே உண்டாக்கிக்கொள்வது, நில் என்ற செய்தியைக் காதில் வாங்காதது, சாகச் சொன்னால் சாகாதது, வரம்பின்றிப் பிரிவது, தனக்கு ரத்தக் குழாய் இழுத்துக்கொள்வது, மற்ற திசுக்களுக்குள் புகுந்து பரவுவது. 2011இல் மேலும் இரண்டு திறன்களும் அவற்றுக்குத் துணைபோகும் இரண்டு பண்புகளும் சேர்ந்தன. உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் இவை இரண்டும் உண்டு. புற்றுநோய் பற்றிய எந்த வகுப்பும் இதில்தான் தொடங்குகிறது.

விமர்சனமும் வந்தது. இந்த ஆறில் ஐந்து, ஆளைக் கொல்லாத சாதாரணக் கட்டிகளிலும் இருக்கின்றனவே, புற்றைப் புற்றாக்குவது பரவல் ஒன்றுதானே என்று யூரி லாசெப்னிக் 2010இல் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கட்டுரை ஒரு வரைபடம். எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லும், எந்த வழியாகப் போனால் நோயாளி பிழைப்பார் என்று சொல்லாது. ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியில் சடங்குபோல இடம்பெறுவது அதன் குற்றமில்லை. ஆனால் பல துறைக்காரர்கள் அதை மேற்கோள் காட்டுவதையே ஒரு விளக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது உண்மை.

லாசெப்னிக் கேட்ட அந்த இடத்துக்கு வைன்பெர்க் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். முதல் கட்டியை அறுவை மருத்துவர் வெட்டியெடுத்துவிடலாம். புற்றுநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது எலும்பிலும் ஈரலிலும் மூளையிலும் போய் முளைக்கும் கிளைக் கட்டிகள். ஓர் உறுப்பில் அண்டை அயலோடு ஒட்டி வாழும் செல், பிடியை விட்டு, ரத்தத்தில் நீந்தி, முன்பின் தெரியாத இடத்தில் வேர் பிடிக்க எங்கே கற்றுக்கொள்கிறது? 2004இல் ஜிங் யாங்கும் வைன்பெர்க்கும் சொன்ன விடை எதிர்பாராதது. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கரு உருவாகும்போது செல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து போவது இயல்பு. அதற்கான செயல்திட்டம் ட்விஸ்ட் போன்ற ஜீன்களின் கையில் இருக்கிறது. பிறந்த பிறகு அது உறங்குகிறது. புற்றுச் செல் அதைத் தட்டியெழுப்பிக்கொள்கிறது. சுண்டெலி மார்பகக் கட்டியில் ட்விஸ்ட்டை அடக்கியபோது நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த பெரிய கட்டுரை 2008இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் செந்துறை மணி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று வைன்பெர்க்கிடம் போனவர். இப்படி உருமாறி நகரும் செல்கள் கூடவே மூலச்செல்லின் குணத்தையும் பெறுகின்றன, அதாவது ஒற்றைச் செல்லிலிருந்து முழுக் கட்டியையும் மறுபடி எழுப்பும் திறன் அவற்றுக்கு வருகிறது என்று அந்தக் கட்டுரை காட்டியது. கீமோவுக்கு மசியாமல் பதுங்கியிருந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பும் செல்கள் எவை என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பரவலுக்கு இந்த உருமாற்றம் எல்லாப் புற்றிலும் கட்டாயமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் சச்சரவு ஓயவில்லை.

சறுக்கல்களையும் சொல்ல வேண்டும். பரவலைத் தடுக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. (ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மூலக்கூறு) பற்றி அவருடைய ஆய்வகத்திலிருந்து 2009இல் செல் இதழில் வந்து பெரிதாகப் பேசப்பட்ட கட்டுரை 2015இல் திரும்பப் பெறப்பட்டது. அதே வரிசையில் வேறு சிலவும் திரும்பின. மூலச்செல் குணமுள்ள புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்துக்காக 2010இல் அவர் பங்கேற்று வெராஸ்டெம் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். அதன் முதல் பெரிய நம்பிக்கையான டிஃபாக்டினிப், நுரையீரல் உறைப் புற்றுச் சோதனையில் பயனளிக்காமல் 2015இல் நிறுத்தப்பட்டது. அதே மாத்திரை இன்னொரு மருந்தோடு ஜோடி சேர்ந்து 2025 மே மாதம் சூலகப் புற்றின் ஓர் அரிய வகைக்கு அனுமதி பெற்றது. மூலச்செல்லைக் கொல்லப் போன மருந்து, கடைசியில் கே-ராஸ் பழுதான கட்டிகளில் பிழைத்துக்கொண்டது.

நோபல் ஏன் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. ஆன்கோஜீனுக்கான பரிசு 1989இல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் போயிற்று. ஒரு நோபலை மூவருக்கு மேல் பகிர முடியாது; ராஸைக் கண்டவர்களில் மூவரை மட்டும் பொறுக்குவது எந்தக் குழுவுக்கும் தலைவலிதான். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம், வுல்ஃப் பரிசு, பிரேக்த்ரூ பரிசு எல்லாம் அவருக்கு வந்தன. எனக்கென்னவோ பரிசுகளைவிட அவருடைய மாணவர் பட்டியல்தான் கண்ணில் படுகிறது. நியூவை ஆராய்ந்த கார்னெலியா பார்க்மன் நரம்பியலில் முதல் வரிசைக்குப் போனார். அந்த ஒற்றை எழுத்தைக் கண்ட டேபின், கருவில் கைகால்கள் எப்படி உருவாகின்றன என்ற ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். ஆர்பி இல்லாத சுண்டெலியை உருவாக்கிய டைலர் ஜாக்ஸ், எம்.ஐ.டி.யின் புற்றுநோய் மையத்துக்கே தலைமை ஏற்றார். குவியல்களை எண்ணிக்கொண்டிருந்த ஆய்வகத்திலிருந்து இவ்வளவு திசைகளில் ஆட்கள் போனது சாதாரணமில்லை.

2014இல் செல் இதழில் வைன்பெர்க் எழுதிய கட்டுரையின் சாரம், முடிவில்லாச் சிக்கலில் தொடங்கி எளிமைக்கு வந்து மறுபடி சிக்கலுக்கே திரும்பியிருக்கிறோம் என்பது. கட்டிகளின் முழு மரபுத்தொகுதியும் கணினியில் குவிந்துவிட்ட பிறகு, தகவல் பெருகிய அளவுக்குப் புரிதல் பெருகவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஜீனில் பழுது தேடும் முறைக்கு அடித்தளம் போட்டவரே இதைச் சொன்னதால் அதற்கு எடை கூடியது.

அவருடைய ஆய்வகம் 2018இல் வெளியிட்ட ஒரு சோதனை ஜீனைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. சுண்டெலிகளின் உடலில் நோயெதிர்ப்புச் செல்கள் அடக்கி வைத்திருந்த சிறு புற்றுக் கூட்டங்கள், வேறோர் இடத்தில் அறுவைக் காயம் ஏற்பட்டதும் வளரத் தொடங்கின. காயத்தை ஆற்ற உடல் எழுப்பும் அழற்சி, அந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. அறுவையை ஒட்டி மெலாக்சிகாம் என்ற, மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மருந்தைக் கொடுத்தபோது அந்த வளர்ச்சி குறைந்தது. இது சுண்டெலியில் கண்டது. இதை வைத்து நோயாளிகள் தாமாக மாத்திரை விழுங்கக் கூடாது. ஆனால் கத்தி வைக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பரவலைத் தடுக்க ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வியை வேறு வழியில் மனிதர்களிடம் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்களுக்கு நடந்த சோதனை அது. மார்பகக் கட்டியை எடுப்பதற்குச் சற்று முன், அதைச் சுற்றிப் பாதிப் பேருக்கு லிடோகெய்ன் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிற அதே மருந்துதான். 2023இல் வந்த முடிவின்படி, ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். அந்த ஊசி சரியாக எந்த வழியில் வேலை செய்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.